உளுந்து, எள், துரியன்: தாவர எஸ்ட்ரோஜனும் தென்காசிப் பெண்களும்



ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து சாரல் விழத் தொடங்கியதும், குற்றாலத்தில் அருவிக்கரையில் ஆள் கூடுகிறது. கடைவீதியில் பழக்கூடை கூடுகிறது. குளித்துவிட்டு வருகிறவர்கள் மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் ருசிக்காக வாங்கிப் போகிறார்கள். துரியன் அப்படி விற்பதில்லை. விலை கூடிய அந்த முள்பழத்தைத் தேடி வெளியூர்களிலிருந்து வருபவர்களில் பலர் பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பதியர். கர்ப்பப்பைக்குப் பலம் தரும், பெண் ஹார்மோனைக் கூட்டும் என்ற பேச்சும் அந்தப் பழத்தோடு சேர்ந்தே விலைபோகிறது.

அருவியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்காசியின் வீடுகளில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் மாமன் வீட்டிலிருந்தும் அத்தை வீட்டிலிருந்தும் உளுந்தங்களி வரும். தோலோடு அரைத்த உளுந்து மாவு, கருப்பட்டிப் பாகு, கை தாராளமாக ஊற்றிய நல்லெண்ணெய். இடுப்பு எலும்பு பலப்படும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் அதுவே. சாதாரண நாளில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இந்த வட்டாரத்தின் சாப்பாடு.

பழக்கடையின் பேச்சுக்கும் பாட்டியின் களிக்கும் இப்போது ஒரே விளக்கம் தரப்படுகிறது: இவற்றில் தாவர எஸ்ட்ரோஜன் இருக்கிறது. அந்த விளக்கம் எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் உண்மையை விட்டு விலகுகிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். இந்தப் பேச்சை நம்பிப் பணம் செலவழிப்பவர்களும், சில நேரங்களில் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களும் பெண்கள். அதனால்தான் இது விரிவாகப் பேசப்பட வேண்டியிருக்கிறது.

இரண்டு பூட்டுகள்

பெண்ணின் சினைப்பையில் சுரக்கும் முதன்மையான எஸ்ட்ரோஜனுக்கு எஸ்ட்ராடையால் என்று பெயர். இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் ஓடும் அந்த மூலக்கூறு, செல்லுக்குள் நுழைந்து அங்குள்ள ஏற்பி எனும் புரதத்தில் பொருந்திக்கொள்கிறது. சாவி பொருந்தினால் பூட்டு திறக்கும். கர்ப்பப்பையின் உட்சுவர் தடிப்பது, எலும்பு கரையாமல் நிற்பது போன்ற வேலைகள் நடக்கும். அந்தச் சாவியின் முக்கியமான பற்கள், மூலக்கூறின் இரு முனைகளிலும் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள். சில தாவரப் பொருள்களிலும் இதே இரு தொகுதிகள் ஏறத்தாழ இதே இடைவெளியில் அமைந்திருக்கின்றன. அவைதாம் தாவர எஸ்ட்ரோஜன்கள்.

இவற்றில் பெயர்பெற்றது சோயாவில் மிகுந்திருக்கும் ஜெனிஸ்டைன். ஆனால் 1899-ல் பெர்க்கின், நியூபரி என்ற இரு வேதியியலாளர்கள் அதை முதலில் பிரித்தெடுத்தது சோயாவிலிருந்து அல்ல. ஐரோப்பாவில் துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றப் பயன்பட்ட ஜெனிஸ்டா என்ற செடியிலிருந்து. ஜெனிஸ்டைன், டெய்ட்சீன் ஆகியவை ஐசோஃபிளேவோன் குடும்பத்தவை. எள்ளிலும் ஆளிவிதையிலும் இருப்பவை லிக்னான்கள். குதிரைமசாலில் இருப்பது கூமெஸ்ட்ரால்.

உடலில் இருப்பது ஒரே வகை ஏற்பி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1996-ல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஆகே குஸ்டாஃப்சன் குழுவினர் இரண்டாவது ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். முதலாவது ஆல்ஃபா, கர்ப்பப்பையிலும் மார்பகத்திலும் அதன் ஆட்சி. இரண்டாவது பீட்டா, சினைப்பை, எலும்பு, இரத்தக்குழாய் எனப் பல இடங்களில் இருக்கிறது. எஸ்ட்ராடையால் இரண்டிலும் நன்றாகப் பொருந்தும். ஜெனிஸ்டைன் பீட்டாவில் பொருந்துகிற அளவுக்கு ஆல்ஃபாவில் பொருந்துவதில்லை. வித்தியாசம் பல மடங்கு. தாவரப் பொருள் உடலில் அப்படியே எஸ்ட்ரோஜனாக நடந்துகொள்வதில்லை என்பதற்கு இது முதல் காரணம்.

ஒரே பொருள் ஓர் உறுப்பில் எஸ்ட்ரோஜன் போலவும் இன்னொன்றில் அதற்கு எதிராகவும் செயல்பட முடியும். இதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991-ல் சந்தைக்கு வந்த சஹேலி மாத்திரை அப்படிப்பட்ட பொருள். தாவரத்திலிருந்து வந்ததல்ல, ஆய்வுக்கூடத்தில் தொகுத்தது. 2016 முதல் சாயா என்ற பெயரில் அரசின் குடும்பநலத் திட்டத்திலும் இருக்கிறது. முதலில் வாரத்துக்கு இருமுறை, பிறகு ஒருமுறை விழுங்கும் கருத்தடை மாத்திரை அது.

செடி தனக்காகச் செய்வது

தென்காசி வட்டார விவசாயி உளுந்து விதைக்கும்போது ரைசோபியம் பாக்கெட்டைக் கஞ்சியில் கரைத்து விதையில் புரட்டி உலர்த்தி விதைக்கிறார். மண்ணிலுள்ள அந்தப் பாக்டீரியா வேரைக் கண்டுபிடிப்பதற்கு, பயறுச் செடிகள் வேர் வழியாகச் சில ஃபிளேவனாய்டுகளைக் கசியவிடுகின்றன. சோயாவின் வேரிலிருந்து கசியும் ஜெனிஸ்டைனும் டெய்ட்சீனும் பாக்டீரியாவின் மரபணுக்களை விழிக்கச் செய்த பிறகுதான் வேரில் முடிச்சு விழுகிறது. பூஞ்சை தாக்கும்போது எதிர்த்து நிற்பதற்கும் இதே குடும்பப் பொருள்கள் சுரக்கின்றன. இலைப்புள்ளி நோய் கண்ட குதிரைமசாலில் கூமெஸ்ட்ரால் கூடுவது 1960களிலேயே பதிவாகியிருக்கிறது. செடி இவற்றைச் செய்வது பெண்ணின் கர்ப்பப்பைக்காக அல்ல. ஆகவே ஒரே பயிரில்கூட ரகத்துக்கு ரகம், வயலுக்கு வயல், பருவத்துக்குப் பருவம் அளவு மாறும்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டுக்காரர்கள் 1940களில் பார்த்தார்கள். தரைக் குளோவர் என்ற தீவனப் பயிர் பச்சைப்பசேலென வளர்ந்த புல்வெளிகளில் மேய்ந்த பெட்டை ஆடுகள் சினை பிடிக்கவில்லை. சினை பிடித்தவை ஈன முடியாமல் தவித்தன. கர்ப்பப்பை வெளியே சரிந்தது. விதையடித்த கிடாக்களுக்கு மடி புடைத்தது. பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் ஆகியோர் 1946-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். குளோவரில் இருக்கும் ஃபார்மோனோனெட்டின், ஆட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களால் டெய்ட்சீனாகவும் பிறகு ஈக்வால் என்ற வலுவான எஸ்ட்ரோஜன் போலியாகவும் மாறியது பின்னர் தெளிவாயிற்று.

இந்த ஆட்டு மந்தையின் வரலாற்றைத் துரியன் வாங்க வரும் தம்பதியர் அறிவது நல்லது. பெண் ஹார்மோன் போன்ற பொருள் கூடினால் கருத்தரிப்பு கூடும் என்ற எண்ணத்தை அது தலைகீழாகக் காட்டுகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் இருக்கும் இரு ஹார்மோன்களில் ஒன்று எஸ்ட்ரோஜன்தான். துரியனோ வலுவான எஸ்ட்ரோஜன் போலி எதற்கும் பெயர்பெற்ற பழம் அல்ல. 100 கிராம் சுளையில் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும், 5 கிராம் கொழுப்பும், 147 கலோரியும் இருக்கின்றன. சத்துள்ள, விலை கூடிய பழம், அவ்வளவே. கருக்குழாய் அடைப்பும் முட்டை வெளிப்படாமையும் விந்தணுக் குறைவும் பழத்தால் சரியாவதில்லை. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. சுளையைச் சாப்பிடுவதோ பெரும்பாலும் பெண். ஒவ்வொரு சீசனாகக் காத்திருப்பதில் அவளுடைய வயது கூடுகிறது. வயது கூடக் கூடச் சிகிச்சையும் கடினமாகிறது.

குடல் செய்யும் மீதி வேலை

ஆட்டின் இரைப்பையில் நடந்தது மனிதக் குடலிலும் நடக்கிறது; எல்லோரிடமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சோயாவின் டெய்ட்சீனை ஈக்வாலாக மாற்றும் பாக்டீரியா மேற்கத்திய நாட்டவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களின் குடலிலும், ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் குடலிலும் வாழ்கிறது. அவற்றில் ஒன்றுக்கு, இத்துறையில் வாழ்நாள் முழுக்க உழைத்த ஃபின்லாந்து அறிஞர் ஹெர்மன் அட்லர்குரோய்ட்சின் பெயரைச் சேர்த்து அட்லர்குரோய்ட்சியா ஈக்வாலிஃபேசியன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரே தட்டில் ஒரே மீல் மேக்கர் குருமாவைச் சாப்பிட்ட இரு சகோதரிகளில் ஒருத்தி ஈக்வாலைப் பெறலாம், மற்றவள் பெறாமல் போகலாம்.

எள்ளுக்கும் இதே நியதி. எள்ளிலுள்ள செசாமின் போன்ற லிக்னான்கள் நேரடியாக ஏற்பியைத் தொடுவதைவிட, குடல் பாக்டீரியா அவற்றை என்டெரோலாக்டோனாக மாற்றிய பிறகே எஸ்ட்ரோஜன் தன்மை பெறுகின்றன. மனிதச் சிறுநீரில் இந்த என்டெரோலாக்டோன் இனங்காணப்பட்டது 1980-ல். ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் அது குறைந்து போவதை ஃபின்லாந்து ஆய்வு காட்டியிருக்கிறது.

செக்கில் ஆட்டும்போது எள்ளின் லிக்னான்கள் இரண்டாகப் பிரிகின்றன. செசாமினும் செசாமோலினும் எண்ணெயில் கரைந்து நல்லெண்ணெயோடு போகின்றன. சர்க்கரையோடு பிணைந்த செசாமினால் வகைகள் புண்ணாக்கில் தங்கி மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன. எள்ளை முழுதாக வறுத்து அரைக்கும் துவையலில் இரண்டும் இருக்கின்றன. லிக்னானுக்காக ஆளிவிதையைத் தேடும் இந்தக் காலத்தில், எள்ளுத் துவையலும் அதே வரிசையில் முன்னே நிற்கும் உணவு என்பது தென்காசிக்காரர்களுக்கு நல்ல செய்தி.

அந்த நல்ல செய்தியின் எல்லையையும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற 24 பெண்கள் நாளுக்கு 50 கிராம் எள்ளுப்பொடியை 5 வாரம் சாப்பிட்ட ஓர் ஆய்வு 2006-ல் தைவானிலிருந்து வெளிவந்தது. கொழுப்பு அளவு ஓரளவு இறங்கியது; ஹார்மோனைப் பிணைத்து வைக்கும் புரதம் ஒன்று சுமார் 15 விழுக்காடு ஏறியது. 50 கிராம் என்பது ஒருவர் ஒரு வேளைக்குத் தொட்டுக்கொள்ளும் துவையலைப் போல இரண்டு, மூன்று மடங்கு. அப்போதும் கிடைத்தது இவ்வளவுதான்.

களியில் உண்மையில் இருப்பது

சோயாவில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஐசோஃபிளேவோன் இருக்கிறது. நம் சமையலறையில் புழங்கும் பயறுகளில் இந்த அளவு பொதுவாகச் சோயாவின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உளுந்தும் அந்த வரிசையில்தான் வருகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்காக நடந்த ஆய்வுகளில் பெண்களுக்குத் தரப்பட்டது நாளுக்குச் சுமார் 50 மில்லிகிராம். உளுந்திலிருந்து அந்த அளவைப் பெற நாளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் உளுந்து வேண்டும்.

அப்படியானால் பாட்டிமார் தவறு செய்தார்களா? இல்லை. அவர்கள் செய்தது சரி. இன்று அதற்குக் கற்பிக்கப்படும் காரணம்தான் தவறு. முழு உளுந்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம். தோலோடு அரைப்பதால் இரும்பும் நார்ச்சத்தும் கூடுதல். நல்லெண்ணெய் தரும் கொழுப்பு, கருப்பட்டி தரும் இனிப்பு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உயரமும் எலும்பும் வேகமாக வளரும். மாதந்தோறும் இரத்தம் போகத் தொடங்கியிருக்கும். அந்த வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான உணவைக் காண்பது கடினம். எஸ்ட்ரோஜனை அவளுடைய சினைப்பையே தேவையான அளவு சுரக்கிறது. வெளியிலிருந்து போலி எதுவும் வேண்டியதில்லை.

2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். அப்படியிருந்தும் பூப்புச் சடங்கு முடிந்ததும் களி நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு வெறும் வயிற்றோடு போவது தொடர்கிறது. களியை ஹார்மோன் உணவு என்று கொண்டாடும் குடும்பம் அதைப் பதினாறு நாளோடு முடித்துக்கொள்கிறது. புரத உணவு என்று அறிந்த குடும்பம் வாரம் இரண்டு நாள் கிண்டும். சத்துணவுக் கூடத்தில் இரும்புச்சத்து மாத்திரை தரும் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடம் சொல்ல முடியும்.

பையன்களின் பயத்துக்கும் ஒரு வார்த்தை. பிரியாணியில் மீல் மேக்கர் போட்டால் ஆண்மை குறையும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஒரு பேச்சு உலவுகிறது. ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-லும் 2021-லும் வந்த இரு தொகுப்பாய்வுகள், சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை என்றே முடிவு சொல்கின்றன.

மலையடிவாரத்து மருந்துக் கடை

குற்றால மலையின் செடிகொடிகள் நெடுங்காலமாக அறிஞர்களை இழுத்திருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தது. 1830களில் பாளையங்கோட்டையில் படை மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் இந்த மலையில் செடிகள் சேகரித்தார். இன்று சீசன் கடைகளில் வேரும் பட்டையும் கிழங்கும் பொடியாகி, பெண்களுக்கான ஹார்மோன் மருந்து என்ற அறிமுகத்தோடு விற்கின்றன. அவற்றில் மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது வெந்தயமும் தண்ணீர்விட்டான் கிழங்கும். இவற்றில் இருப்பவை ஸ்டீராய்டு சபோனின்கள். வெந்தயத்தில் டயோஸ்ஜெனின் உண்டு. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனினைப் பிரித்து, அதைப் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனாக மாற்றினார். ஹார்மோன் மாத்திரைத் தொழில் அதிலிருந்தே பிறந்தது. ஆனால் அந்த மாற்றம் நடந்தது ஆய்வுக்கூடத்தில், வலுவான வேதிப்பொருள்களின் உதவியோடு. மனித உடலில் அதைச் செய்யும் நொதி இல்லை. வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. அது உண்மையான பயன். அதன் டயோஸ்ஜெனின் வயிற்றுக்குள் ஹார்மோனாகிவிடும் என்பது உண்மையல்ல.

இரண்டாவது விதாரி. வட இந்தியாவில் இந்தப் பெயரில் விற்பது பியூரேரியா டியூபரோசா என்ற பயறுக் குடும்பக் கொடியின் கிழங்கு; அதில் பியூரேரினும் டெய்ட்சீனும் உண்டு, ஆகவே தாவர எஸ்ட்ரோஜன் என்ற பேச்சுக்கு அடிப்படை இருக்கிறது. கேரளத்திலும் அதை ஒட்டிய தென்தமிழ்நாட்டிலும் அதற்குப் பதிலாகப் புழங்கும் நிலப்பூசணிக் கிழங்கு வேறு குடும்பம். சர்க்கரைவள்ளிக்கு உறவான ஐப்போமியா. வட இந்தியக் கிழங்கில் நடந்த ஆய்வைக் காட்டிச் செங்கோட்டைச் சாலையில் இந்தக் கிழங்கை விற்பது பொருந்தாது.

மூன்றாவது அசோகப் பட்டை. மிகையான உதிரப்போக்குக்குச் சித்தமும் ஆயுர்வேதமும் சொல்லும் மருந்து. பட்டையில் மிகுதியாக இருப்பவை துவர்ப்புப் பொருள்களான கேட்டெகின் வகைகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அசோக மரம் அழியும் நிலையை நோக்கிப் போவதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் எச்சரிக்கிறது. தேவைக்கு மரம் இல்லாததால் நெட்டிலிங்கப் பட்டை கலப்படமாக வருகிறது. நீடித்த உதிரப்போக்குக்குக் காரணம் நார்க்கட்டியாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் பட்டைக் கஷாயத்தோடு காலம் கடத்துவது ஆபத்து.

நாற்பத்தைந்துக்கு மேல்

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது சுமார் 46. மேலை நாடுகளில் 51. ஐந்து ஆண்டு முன்னதாகவே எஸ்ட்ரோஜனின் காவலை எலும்பு இழக்கிறது. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் திண்ணையில் உட்கார்ந்தபடி நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்களுக்கு வெயிலும் நடையும் குறைவு. இவர்களுக்குத் திடீர் வெக்கையும் இரவு வியர்வையும் தூக்கக்கேடும் வரும்போது, பொழுது போகட்டும் என்று பொறுத்துக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 16,608 பெண்கள் பங்கேற்ற ஹார்மோன் மாத்திரை ஆய்வு, மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடுவதாகத் தெரிந்ததால் 2002 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு பலருடைய கவனம் தாவர எஸ்ட்ரோஜன் பக்கம் திரும்பியது. 2012-ல் வந்த தொகுப்பாய்வு, சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரைகள் வெக்கை வரும் தடவைகளைப் போலி மாத்திரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததாகச் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, திட்டவட்டமான சான்று இல்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது: சிலருக்குச் சிறிய உதவி.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் சோயாவைக் கண்டு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2002-ல் எலிகளில் நடந்த ஆய்வில் ஜெனிஸ்டைன், அந்நோய்க்குத் தரப்படும் டாமாக்ஸிஃபென் மருந்தின் பலனைக் கெடுத்தது. ஆனால் ஷாங்காயில் 5,042 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், சோயா உணவு அதிகம் உண்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. ஆகவே உணவாக உண்பதற்குத் தடையில்லை. செறிவூட்டிய மாத்திரையையும் பொடியையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் சோயாவை அதோடு சேர்க்காமல் சில மணி நேரம் தள்ளி உண்ண வேண்டும். மருந்து உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது.

இந்த மாவட்டம் செய்யக்கூடியது

இதுவரை சொன்ன எண்களில் பெரும்பாலானவை சோயா உண்ணும் நாடுகளிலிருந்தும் சோயாவை ஆராயும் நாடுகளிலிருந்தும் வந்தவை. தென்காசிப் பெண்ணின் குடலையும் தட்டையும் பற்றிய எண்களை இங்கேயே உண்டாக்க முடியும். குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியும் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் 1964-ல் தோன்றியவை. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி மையம் இருக்கிறது. இவை கைகோத்தால் போதும்.

பாவூர்சத்திரம், கடையம், சங்கரன்கோவில் சந்தைகளில் கிடைக்கும் நாட்டு உளுந்தையும் வம்பன் ஆராய்ச்சி நிலையத்தின் உளுந்து ரகங்களையும் தோலோடும் தோல் நீக்கியும், களியாகக் கிண்டிய பிறகும், ஐசோஃபிளேவோனுக்கும் இரும்புக்கும் சோதிக்கலாம். செக்கு எண்ணெய், ஆலை எண்ணெய், துவையல் மூன்றின் லிக்னான் அளவையும் அதே கருவியில் பார்க்கலாம். ஈக்வால் உண்டாக்குபவர் யார் என்று அறிவது கடினமல்ல: மூன்று நாள் சோயா உண்ணச் செய்து சிறுநீரை அளந்தால் தெரிந்துவிடும். விருப்பத்தோடு முன்வரும் மாணவியரும் அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் கலந்துகொண்டால் மூன்று தலைமுறையின் விவரம் ஒரே ஆய்வில் சேரும். சீசன் கடைகளில் விற்கும் கிழங்கையும் பட்டையையும் நுண்ணோக்கியில் வைத்து எது எந்தச் செடி என்று அடையாளம் காண்பது தாவரவியல் முதுகலை வகுப்பின் செய்முறைப் பாடமாகவே அமையலாம்.

முடிவுகள் ஆங்கில ஆய்விதழோடு நின்றுவிடாமல், தமிழில் ஒரு தாளில் அச்சாகி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பீடிக் கடைகளுக்கும் போக வேண்டும். இலைக்கட்டு வாங்க வரும் பெண் அங்கே நின்று அதைப் படிப்பாள். வீட்டில் மகளுக்கும் சொல்வாள்.